ஸ்பைன் இம்ப்ளான்ட் வைவா: பெயரோடு நிற்காதீர்கள்

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு) செய்முறைத் தேர்வுக்குப் போகிற தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். முதுகெலும்பில் பொருத்தும் உலோக இம்ப்ளான்ட்களை நான் முதலில் படித்த விதமே தப்பு.

சேலத்தில் ஒரு மாதிரி வைவா (வாய்மொழித் தேர்வு). மேசையிலிருந்த பெடிக்கிள் ஸ்க்ரூவை (முள்ளெலும்பின் பின்புறத் தண்டான பெடிக்கிள் வழியாகப் போடும் திருகை) எடுத்து என் கையில் கொடுத்தார் பேராசிரியர். பாலிஆக்ஸியல் (தலை பல பக்கமும் திரும்பும் வகை), டைட்டானியம், 6.5 மி.மீ. தடிமன், 45 நீளம் என்று மடமடவென்று சொன்னேன். "சரி, இது எத்தனை நாள் தாங்கும்?" என்றார். "ஆயுசு முழுக்க, சார்." ஸ்க்ரூவை வாங்கி மேசையில் வைத்துவிட்டார். அடுத்த கேள்வியே வரவில்லை.

அன்று சாயங்காலம் சீனியர் அக்கா ஒருவர் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடிந்தது. நோயாளி குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும், ஸ்க்ரூக்களை இணைக்கும் ராடு (உலோகத் தண்டு) இப்படித்தான் சோர்ந்துகொண்டே வருகிறது. முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரைதான் உலோகம் காவல். அவை ஒட்டுவதற்காகப் போட்ட கிராஃப்ட் (ஒட்டு எலும்பு) சேராவிட்டால் ராடு ஒடியலாம், ஸ்க்ரூ தளரலாம். ஒடிந்த ராடு எக்ஸ்ரேயைக் காட்டினால், எலும்பு சேரவில்லையோ என்ற சந்தேகத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இது பிடிபட்டதும் வரலாறும் தானாக மனதில் நின்றது. 1950களில் ஹாரிங்டன் ராடு இரண்டு முனைகளில் மட்டும் கொக்கி போட்டு முதுகை நீட்டியது; இடுப்புப் பகுதியின் இயல்பான வளைவு தட்டையாகிப் போனது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் லூக்கே ஒவ்வொரு முள்ளெலும்பையும் கம்பியால் ராடோடு கட்டினார். இன்னொரு மருத்துவர் ராய்-கமீல் பெடிக்கிள் வழியாகவே ஸ்க்ரூவைத் திருகினார். ஒன்றின் குறை என்ன, அடுத்தது ஏன் வந்தது என்று படியுங்கள்.

அப்புறம், எலும்பைக் கையில் வைத்துப் படியுங்கள். நான் காய்ந்த எல்4 (இடுப்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பு) ஒன்றைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிவதற்குள், கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பெடிக்கிளின் நான்கு சுவர்களையும் தடவிப் பழகினேன். உள்சுவர் உடைந்தால் டியூராவுக்கு (தண்டுவடத்தின் உறை) ஆபத்து, கீழ்ச்சுவர் உடைந்தால் நரம்பு வேருக்கு. தேர்வில் எந்தச் சுவருக்குப் பயப்படுவாய் என்று கேட்டபோது, வாய் திறப்பதற்கு முன்பே விரல் அங்கே போய்விட்டது.

மார்பு முதுகெலும்பில் டி4 முதல் டி6 வரை பெடிக்கிள் மிகவும் ஒடுக்கம். அதற்கென்று ஒரு ராத்திரியைத் தனியாக ஒதுக்குங்கள்.