ஏ.ஆர். கண்ணாடி போட்டுச் செய்த முதுகு ஆபரேஷன்: என் அனுபவம்

நியூஜெர்சியில் மூன்று மாதத்துக்கு முன் எனக்கு எல்4-எல்5 ஃப்யூஷன் (கீழ் முதுகில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்க்கும் ஆபரேஷன்) நடந்தது. சர்ஜன் ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) கண்ணாடி, அதாவது ஸ்கேன் படத்தை உடம்பின் மேலேயே தெரியவைக்கும் கண்ணாடி, அணிந்து நான்கு ஸ்க்ரூ போட்டார். அறுத்த இடம் ஆறிவிட்டது. அதற்கு முன் அலைந்த ஏழு வாரத்தை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

இன்சூரன்ஸ் முதல் தடவை மறுத்துவிட்டது. அந்தக் கண்ணாடி புதிது என்பதால்தான் என்று நினைத்துப் பயந்தேன். ஆனால் அதற்கு அமெரிக்காவில் 2019 கடைசியிலேயே எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான அரசு அமைப்பு) அனுமதி கிடைத்திருக்கிறது, 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதைக் கொண்டு ஒரு நோயாளிக்கு ஆறு ஸ்க்ரூ பொருத்தியிருக்கிறார்கள். கடிதத்தை நிதானமாகப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஆறு வாரம் பிசியோதெரபி செய்ததற்கு ஆதாரம் இல்லையாம். நான் பத்து வாரம் போயிருந்தேன்!

சர்ஜன் அலுவலகத்தில் இருந்த பெண்மணி நான்கு முறையும் "ஃபேக்ஸ் அனுப்பியாச்சு" என்றே சொன்னார். அனுப்பியதைக் காட்டச் சொன்னேன். நான் போன தேதிகள் மட்டும்தான் இருந்தன, சிகிச்சைக் குறிப்பு ஒரு பக்கம்கூட இல்லை. பிசியோ மையத்துக்கு நானே போய் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்புறம் சர்ஜன் இன்சூரன்ஸ் டாக்டரிடம் நேரடியாகப் பேசினார், இரண்டே நாளில் அனுமதி வந்தது. இந்தப் பேச்சுக்கு 'பியர்-டு-பியர்' என்று பெயர். மறுப்புக் கடிதம் வந்த அன்றே கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு. நேவிகேஷனுக்கு (ஸ்கேன் படத்தைக் கொண்டு கணினி சர்ஜனுக்கு வழிகாட்டுவது) பில்லில் தனிக் குறியீடு வரும், 61783. அதற்கும் அனுமதி வாங்கியாயிற்றா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூத்து, ஸ்கேன். ஸ்க்ரூவின் நீளத்தையும் தடிமனையும் முடிவுசெய்ய மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேன் வேண்டும் என்றார்கள். வலது கால் மரத்துப்போன நிலையில் ஐம்பது நிமிடம் காரில் உட்கார்ந்து குறுந்தகட்டைக் கொண்டுபோனால், அதில் ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. அன்றைய பயணம் முழுக்க வீண். ஸ்கேன் மையத்தை விட்டுக் கிளம்பும் முன், அவர்கள் கணினியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் நாள் சுலபமாகப் போனது. மறுநாள் சர்ஜன் விளக்கினார்: முதுகெலும்பில் ஒரு மார்க்கரை (இடத்தைக் கண்ணாடிக்குக் காட்டும் அடையாளக் கருவி) கவ்வ வைத்து, தியேட்டரிலேயே ஸ்கேன் எடுப்பார்களாம். அந்தப் படம் கண்ணாடி வழியாக என் முதுகின் மேலேயே தெரியுமாம். தலையைத் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் மார்க்கரில் கை பட்டு லேசாக நகர்ந்துவிட்டது. தெரிந்த எலும்பு முனை ஒன்றைக் கருவியால் தொட்டுச் சரிபார்த்தபோது படம் விலகியிருந்ததாம். உடனே நிறுத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் மீதி இரண்டு ஸ்க்ரூவைப் போட்டிருக்கிறார். அந்த நிதானத்துக்கு அவருக்குக் கோடி நன்றி. கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறார், நடுவில் எப்படிச் சரிபார்ப்பார் என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் நான்கும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. கால் வலி போய்விட்டது. கால் கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் மரத்த உணர்வு மிச்சம் இருக்கிறது.