கருமுட்டை எடுப்பதற்கு முந்தைய 12 நாட்கள்

என் 34ஆம் வயதில், மதுரையில் உள்ள ஒரு மருத்துவமனையில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சையைத் தொடங்கினோம். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் என் அளவு வயதுக்குக் குறைவாக இருந்ததால், புதிதாக முட்டைகள் உருவாக மருந்து உண்டா என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார் மருத்துவர். பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருப்பவை பூப்பெய்தும் வயதில் மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. அவற்றிலும் முதிர்ந்து வெளியேறுபவை வாழ்நாளில் ஏறத்தாழ 400 மட்டுமே. அம்மா என்னைச் சுமந்த நாட்களிலேயே உருவான செல்கள் இவை என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டேன். இப்படி மொத்தமாக எடுத்தால் இருப்பு தீர்ந்துவிடாதா என்று அம்மா மிகவும் கவலைப்பட்டார். மாதந்தோறும் முட்டையைத் தாங்கிய பல நுண்ணறைகள் வளரத் தொடங்கினாலும் பெரும்பாலும் ஒன்று மட்டுமே முதிர, மற்றவை வாடிவிடுகின்றன என்பதையும், எப்படியும் வாடப்போகும் அவற்றையே இந்த ஹார்மோன் வளர்த்தெடுக்கிறது என்பதையும் கேட்ட பிறகுதான் அவர் சமாதானமடைந்தார்.

ஸ்கேனில் நுண்ணறைகள் 18 மில்லிமீட்டரை எட்டியதும், முதிர்வைத் தூண்டும் ஊசியை இரவு பத்தரை மணிக்குத் தவறாமல் போடச் சொன்னார்கள். அதிலிருந்து சுமார் 35 மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். முந்தினால் அவை முதிர்ந்திருக்காது, பிந்தினால் நுண்ணறை வெடித்து வெளியேறிவிடும். மயக்க மருந்து கொடுத்துச் செய்ததால் வலி தெரியவில்லை. வயிற்று உப்புசம் மட்டும் நான்கு நாள் இருந்தது.

எட்டு முட்டைகள் கிடைத்தன என்றதும் மகிழ்ந்தோம். ஆனால் ஐந்துதான் முதிர்ந்தவை. எத்தனை எடுத்தார்கள் என்பதைவிட இந்த எண்ணைத்தான் நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்தவர் ஒன்றைத் திரையில் காட்டினார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள அந்த உருண்டையின் ஓரத்தில் சிறு குமிழ் ஒன்று ஒட்டியிருந்தது. முட்டை தன் 46 குரோமோசோம்களை 23 ஆகக் குறைத்தபோது வெளித்தள்ளிய பகுதி அது என்றும், விந்தணு நுழைந்த பிறகே அடுத்த பிரிவை முட்டை முடிக்கும் என்றும் விளக்கினார்.

விந்தணுவுடன் சேர்த்த மறுநாள், மூன்று முட்டைகளில் இரண்டிரண்டு உட்கருக்கள் தெரிந்தன. ஒன்று அம்முட்டையுடையது, மற்றொன்று என் கணவரின் விந்தணுவுடையது. ஐந்தாம் நாள் வரை வளர்ந்த இரு கருக்களை உறையவைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவற்றில் ஒன்றைக் கருப்பையில் வைக்கவிருக்கிறார்கள்.