காரை விற்ற பிறகு

காரை விற்றுவிட்டேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன், ஏதும் கஷ்டமோ?" கஷ்டம் ஒன்றும் இல்லை. லீசிங் கட்டி முடித்தே இரண்டு வருசம். ஆனால் கிழமையில் ஐந்து நாள் அது வளவுக்குள் வேப்பமரத்துக்குக் கீழேதான் நின்றது, ஏனென்றால் என்ர கந்தோர் கிளிநொச்சி ரவுணுக்குள், சைக்கிளில் பத்து நிமிசம். மாரி முடிந்து ஒருநாள் பொனற்றைத் திறந்தால் எலி வயரைக் கடித்து, வேப்பஞ் சருகு சேர்த்து, உள்ளே குட்டி போட்டிருக்கிறது. ஓடாத காருக்கும் வரிப்பத்திரம், இன்சூரன்ஸ், பற்றரி என்று காசு போய்க்கொண்டுதான் இருந்தது.

உண்மையில் இது 2022இலேயே தொடங்கிவிட்டது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூஆர் கோட் காட்டினால்தான் பெற்றோல் என்று வந்து, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த காலம். அப்போது எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து, யாருக்கு எங்கே போக வேண்டுமென்று முதல்நாளே கதைத்து, ஒரே காரில் ஆஸ்பத்திரி, சந்தை, ரியூசன் எல்லாம் முடித்தோம். தட்டுப்பாடு தீர்ந்ததும் ஆளாளுக்குப் பழையபடி தனித்தனிக் கார். எனக்கு அது மனதுக்குச் சரியாகவே படவில்லை.

வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியதிலிருந்து பழைய காருக்கும் நல்ல விலை. 2025 மாசியில் திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டதும் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது பக்கத்து வீட்டு அண்ணையின் கார் மட்டும். மூன்று வீட்டுக்கும் அதுதான். டாஷ்போர்டுக்குள் ஒரு எண்பது பக்கக் கொப்பி, நூலில் கட்டிய பேனை. எடுக்கும்போது மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எழுது, விடும்போதும் எழுது, மாதம் முடிய அண்ணி கூட்டிப் பிரித்துச் சொல்லுவா. பெற்றோல் ஓடினவர் கணக்கு. ரயர், சேர்விஸ் எல்லாம் கிலோமீற்றர்படி. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆருக்கும் பேறுகால நோவு என்றால் கொப்பி பார்ப்பதில்லை, திறப்பை வாங்கிக்கொண்டு போவதுதான்.

சுவிஸில் இருக்கிற அக்காவுக்கு இது புதினமே இல்லை. அங்கே காரைப் பகிர்ந்து ஓடுவதற்கு மொபிலிட்டி என்று ஒரு கூட்டுறவு, 1997இல் இரண்டு கூட்டுறவுகள் சேர்ந்து உருவானது. ஸ்ரேசனடியில் சிவப்புக் கார் நிற்கும், போனில் பதிந்துவிட்டு எடுத்து ஓடலாம். கூட்டுறவு என்றதும் எனக்கு எங்கள் சங்கக்கடைதான் ஞாபகம் வந்தது. சங்கம் வைத்து நெல் கொள்முதல் செய்த ஊருக்கு, சங்கம் வைத்துக் கார் ஓடுவது அவ்வளவு பெரிய வேலையா?

அப்பாவிடம் கேட்டால் இன்னும் பழைய கதை வரும். தொண்ணூறுகளில், யுத்தத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கண்ணில் காட்டுவதில்லை. காபிரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின பழைய மொறிஸ் மைனர் ஒன்று ஊருக்கே போதுமாக இருந்ததாம். கலியாணத்துக்கும் அதே கார், பாம்பு கடித்தவரைக் கொண்டு ஓடுவதற்கும் அதே கார்.

தூரப் பயணத்துக்கு ரயிலும் பஸ்ஸும். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருசம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை போனது. ரயிலைக் காணாமலே வளர்ந்தவன் நான், அதனாலோ என்னவோ இன்றைக்கும் தண்டவாளம் அதிரத் தொடங்கினால் எழும்பி நின்றுதான் பார்ப்பேன். அம்மாவின் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போவது பஸ்ஸில். ஆனையிறவு தாண்டும்போது அவ கண்ணாடியைத் தள்ளி முகத்தை வெளியே கொடுப்பா, உப்புக்காற்று பட்டதும் கண்ணை மூடிக்கொள்ளுவா. கார் ஓடின காலத்தில் நான் ரோட்டைத்தான் பார்த்தேன், அம்மாவைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஏ9 பெருந்தெருக் கரையில் இருப்பவருக்குக் கார் இல்லாமல் இருப்பது சுகம். உள்ளுக்குள் இருக்கிறவர்களுக்கு அப்படியில்லை. குளங்களை அண்டிய குடியேற்றங்களில், கிரவல் ரோட்டு முடிவில், பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் ஓட்டோவைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டோவுக்குக் கேட்கிற காசு ஒரு நாள் கூலி. ஒருநாள் பரந்தன் சந்தியில் நின்றபோது ரியூசன் முடிந்த இரண்டு பெண்பிள்ளைகள், வராத பஸ்ஸுக்காக இருட்டும் வரை நின்றார்கள். தகப்பன் மோட்டார்சைக்கிளில் வந்துதான் ஏற்றிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்காரரிடம் போய் வாகனத்தை விடுங்கோ என்று நான் எப்படிச் சொல்வது? கார்ப்பெற் ரோட்டுக்குக் கொட்டிய காசில் கொஞ்சம், உள்ரோட்டில் இரவு ஏழு மணி வரைக்கும் ஓடுகிற ஒரு சின்ன பஸ்ஸுக்குக் கிடைத்தால் போதும். பிரதேச சபைக் கூட்டத்தில் இதைக் கேட்க வேண்டுமென்று மூன்று வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். கடிதம் எழுதியாகிவிட்டது, ஒழுங்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.