சஹர் நேரத்தில் பூட்டிய சமையலறை

ரமலான் நோன்பு மாதத்தில் ஒரு முஸ்லிம் சுற்றுலாக் குழுவை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. விடுதிக்கு ஹலால் சான்றிதழ் இருந்தது. அறையில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி, தொழுகை விரிப்பு, கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் என எதிலும் குறையில்லை. ஆனால் முதல் நாள் சஹர் உணவுக்கு இறங்கி வந்தபோது சமையலறை பூட்டிக் கிடந்தது. நோன்பு நோற்பவர் கிழக்கு வெளுக்கும் முன்பே உண்டு முடித்தாக வேண்டும். "காலைச் சிற்றுண்டி ஆறரை மணிக்குத்தான்" என்றார் வரவேற்பில் இருந்த இளைஞர். அவர் மீது தவறில்லை. விற்பனைப் பிரிவுக்கு நான் அனுப்பிய கடிதம் சமையலறையை எட்டவே இல்லை. எட்டியதா என்று நானும் கேட்கவில்லை. குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, நோன்பு நோற்பதாக மனத்தில் உறுதிகொள்ளும் நிய்யத் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விடுதி மேலாளர், தலைமைச் சமையலர், வழிகாட்டி, பஸ் ஓட்டுநர், வழியிலுள்ள பள்ளிவாசல் நிர்வாகி ஆகியோரை ஒன்றாக உட்கார வைக்கிறேன். முஸ்லிம் பயணிகளுக்கு ஏற்ற விருந்தோம்பலுக்கான மலேசியாவின் எம்.எஸ். 2610:2015 தரநிலை தங்குமிடம், பயண ஏற்பாடு, வழிகாட்டி ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் சேர்த்து வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் புரிந்தது. ஓட்டுநரையும் அதில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆசை.

ஏனென்றால் முக்கியமான கேள்வியை எழுப்பியவரே ஓட்டுநர்தான். "பயணிகள் நண்பகல் லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்துத் தொழலாமே, ஒருமுறை நிறுத்தினால் போதாதா?" என்றார். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளான மத்ஹபுகளில் ஷாஃபி மத்ஹபினருக்குப் பயணத்தில் அந்தச் சலுகை உண்டு. ஹனஃபி மத்ஹபினர் ஹஜ்ஜின்போது தவிர அப்படிச் சேர்ப்பதில்லை என்று பள்ளிவாசல் நிர்வாகி விளக்கினார். ஒரே பஸ்ஸில் இரு பிரிவினரும் இருப்பார்கள். அன்றே அட்டவணையில் இரண்டாவது நிறுத்தம் ஏறியது. சமையலரும் சஹர் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பெண்கள் தொழும் இடம்தான் இன்னும் சரியாக அமையவில்லை. வழியிலுள்ள பள்ளிவாசல்கள் சிலவற்றில் அவர்களுக்குத் தனியிடம் இல்லை. உணவகம் ஒன்றின் உரிமையாளர் தம் மாடி அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி உளூச் செய்யக் குழாய் வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருக்கிறேன்.