பெஸ்தாரி ஜெயாவில் சாய்ந்த செம்பனைகள், சைபீரியாவில் சாய்ந்த மரங்கள்

மலேசியாவில் சிலாங்கூர் பக்கம் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கு, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கு, போய்விட்டு நேற்று இரவுதான் வந்தேன். செலவுக் கணக்கோடு எழுதுகிறேன்.

கோல சிலாங்கூர் வரை வந்த பஸ்ஸில் ஏசி இல்லை, சன்னலும் திறக்காது. அங்கிருந்து டாக்சிக்காரர் 60 வெள்ளி கேட்டார். பேரம் பேசி 45. பகல்கொள்ளை! ஆனால் ஊர்க்கடையில் 12 வெள்ளிக்கு வாழையிலைச் சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாப்பிட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தப் பிரட்டலுக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

சாப்பிட்டதும் பெரியப்பா மோட்டாரில் ஏற்றி ராஜா மூசா காட்டுப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு செம்பனைகூட நேராக நிற்கவில்லை. வேர்க்கட்டு மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. பெரியப்பா கம்பை ஊன்றினார். பாதிக் கம்பு சத்தமில்லாமல் உள்ளே போனது.

"காம்புட் மண்ணுடா. தண்ணிய வடிச்சா மண்ணு இறங்கிடும். அப்புறம் மரம் எப்படி நேரா நிக்கும்?"

காம்புட் என்றால் செத்த இலைதழை முழுக்க மக்காமல் சேர்ந்த சதுப்பு மண். சைபீரியப் படங்களில் இதே சாய்வைப் பார்த்திருக்கிறேன். சைபீரியாவின் யாக்கூத்தியா வட்டாரத்தில் மழை நமக்குப் பெய்வதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அங்கே லார்ச் என்ற ஊசியிலை மரக் காடு நிற்பதே அடியில் உள்ள உறைநிலத்தால், அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணால். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். அந்த நீர் கீழே இறங்காமல் வேருக்குக் கிடைக்கும். காடு பதிலுக்கு நிழல் கொடுத்து நிலத்தைக் குளிராக வைத்திருக்கும். அங்கே பத்தகாய்க்கா என்ற இடத்தில் 1960களில் மரங்களை அழித்தார்கள். நிலத்துப் பனி இளகிச் சரிந்து, இன்று சுமார் 1 கிலோமீட்டர் நீளப் பள்ளம்! அதே வட்டாரத்து வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று வெயில் 38 டிகிரி.

அங்கே குளிரும் இங்கே தேங்கிய தண்ணீரும், செத்த இலைதழையை முழுக்க மக்கவிடாமல் காக்கின்றன. காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கார்பன் வடக்கு உறைநிலத்தில் கிடக்கிறது. அது இளகினாலும் நம் காம்புட் காய்ந்தாலும் நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விடும்; வெப்பம் ஏறும், இன்னும் இளகும். இதை ரஷ்யாக்காரன் பிரச்சினை என்று நம்மவர்கள் ஒதுக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ராஜா மூசாவில் பழைய கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்கியிருக்கிறார்கள். அருமையான வேலை, இன்னும் பல இடங்களில் நடக்க வேண்டும்.

சரி, செலவு. திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தம்பி 25 வெள்ளிக்குக் கோல சிலாங்கூரில் விட்டார், அதுதான் நியாயமான விலை. வறட்சி மாதங்களில் போகாதீர்கள். காம்புட் மண்ணுக்குள் தீப்பிடித்தால் புகையில் நிற்க முடியாது. மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள், ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.