முப்பத்தொரு சென்ட்டும் நாட்காட்டித் தாள்களும்

அப்பா 2022 ஜனவரியில் இறந்தார். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்குறிப்பில் "அப்பா சொத்து வேலை" என்று எழுதினேன். அடுத்த ஞாயிறும் அதையே எழுதினேன். பதினான்கு மாதங்கள் அந்த மூன்று சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்தன. வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சொத்து என்றால் மலையளவு ஒன்றுமில்லை. தென்காசிப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. அப்பா 1984-இல் தன் சம்பளத்தில் வாங்கிய முப்பத்தொரு சென்ட் நிலம். வாரிசுகள் ஐந்து பேர்: அம்மா, நான், திருப்பூரில் இருக்கும் தங்கை, மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி, பிறகு அப்பாவின் அம்மாவான ஆச்சி. உயில் எழுதாமல் மகன் இறந்துபோனால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவனுடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுத உட்காரும்வரை எனக்கு இது தெரியாது. ஆச்சியை விட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தேன்.

அதற்கு முன்பே இரண்டு முறை மஞ்சள் பையில் எல்லாத் தாள்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அங்கே யாரும் விரட்டவில்லை. "என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். "எல்லாம் அப்பா பெயரில் இருக்கிறது, மாற்ற வேண்டும்" என்றேன். அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

அப்பாவுக்குப் பழக்கமான பத்திர எழுத்தர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "அம்மா, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு தாளைக் கொடுத்து ஒரு தாளை வாங்க வேண்டும். எதைக் கொடுக்கப் போகிறாய், எதை வாங்கப் போகிறாய் என்று தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதே" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆலோசனைக் கட்டணமும் கேட்கவில்லை.

அன்று இரவு கிழித்து வைத்திருந்த தினசரி நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு வேலை என்று எழுதினேன். முதலில் எழுதியவை "தாலுகா", "பத்திரப் பதிவு", "மின்வாரியம்", "வங்கி". பார்க்க ஒழுங்காக இருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒன்றையும் செய்ய முடியாது. அவை வேலைகளே அல்ல, இடங்களின் பெயர்கள். பத்திர எழுத்தர் சொன்னதை வைத்து மறுபடியும் எழுதினேன். என்ன கொடுப்பது, என்ன வாங்குவது, யார் போவது. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தாளை இன்னும் இரண்டாக உடைத்தேன். கடைசியில் நாற்பத்துமூன்று தாள்கள் சேர்ந்தன. கொல்லைப்புறக் கொடியில் துணி மாட்டும் கிளிப்பால் வரிசையாக மாட்டி வைத்தேன். அம்மா துணி காயப்போட இடம் இல்லை என்று சண்டை போட்டாள்.

வாரிசுச் சான்றிதழ் என்ற ஒன்றே எட்டுத் தாள்கள் ஆனது. இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் 'ன்' என்று முடிந்தது, பட்டாவில் 'ம்'. இருவரும் ஒருவரே என்று காட்ட ஒரு தாள். தம்பியின் ஆதார் நகலுக்கு ஒன்று. ஆச்சியின் ஆதாரில் பழைய முகவரி, அதற்கு ஒன்று. இவை முடிந்த பிறகுதான் இ-சேவை மையத்தில் மனு. பிறகு கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி "காத்திருக்கவும்" என்று போட்டுவிட்டேன். நான் செய்ய அதில் ஒன்றும் இல்லையே.

நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று வேறு விதமாகக் காலை வாரியது. பட்டாவில் இருந்த புல எண்ணை வைத்துத் தேடினால் அப்பா நிலம் வாங்கியதற்கான அடையாளமே இல்லை. பத்திரத்தில் இருந்தது மறு அளவைக்கு முந்தைய பழைய எண். அதைப் போட்டதும் கிடைத்துவிட்டது. பத்திரத்தில் முப்பத்தொரு சென்ட், பட்டாவில் 0.12.50 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை ஏர். ஓர் ஏர் என்பது 2.47 சென்ட் என்று பெருக்கிப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று மூச்சு விட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தால் அதன் தாளைக் கிழித்துப்போடுவேன். நடுவில் எனக்கு அந்தத் தாள் கிழிக்கிற வெறி வந்துவிட்டது. "நகல் எடுக்க", "உறை வாங்க", "உறையில் போட" என்றெல்லாம் எழுதி, ஒரே நாளில் ஆறு கிழித்தேன். அந்த வாரம் முழுவதும் தங்கைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யாமல் தள்ளிப்போட்டிருந்தேன். அதுதான் உண்மையில் கடினமான வேலை: யாருக்கு எவ்வளவு என்று பேசுவது. அதை எத்தனை தாளாக உடைத்தாலும் முதல் தாளில் "பேசு" என்றுதான் இருக்கும்.

பேசியபோது எளிதாகவே முடிந்தது. வீடு அம்மாவுக்கு, நிலம் எங்கள் மூவருக்கும் சமமாக. ஆச்சி தன் பங்கை எங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை: கையெழுத்து போடுவதற்கு முன் நிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆச்சிக்கு எண்பத்தாறு வயது. எந்தத் தாளிலும் எழுதாத வேலை அது. வேண்டா வெறுப்பாக ஓர் ஆட்டோ பிடித்தேன்.

நிலத்தில் இறங்கி, புளியமர நிழலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேற்கே கையைக் காட்டி, "அங்கே இருந்த கல் எங்கே?" என்றாள். எல்லைக்கல்லைக் காணோம். பக்கத்து வேலி ஓர் ஆள் உயரத்துக்குப் புதிதாக நின்றது. எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். என் கண்ணில் பட்டதே இல்லை.

தம்பிக்கு விடுப்பு பன்னிரண்டு நாள். வர மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அளவையர் வந்து எல்லை காட்டுவது நடக்காது. எல்லை தெரியாமல் பாகப்பிரிவினை எழுதினால் பிறகு திருத்தல் பத்திரம் எழுத வேண்டிவரும். கொடியில் இருந்த தாள்களை மொத்தமாக இறக்கி, வேறு விதமாகப் பிரித்தேன்: தம்பியின் கை தேவைப்படுபவை ஒரு பக்கம், தேவைப்படாதவை மறுபக்கம். முதல் பக்கத்தில் இரண்டே விழுந்தன. விடுதலைப் பத்திரத்தில் அவன் கையெழுத்து, பிற்பாடு நடக்கும் பாகப்பிரிவினைக்கு என் பெயரில் பொது அதிகாரப் பத்திரம். இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்ய டோக்கன் போட்டோம். ஆச்சியின் விரல் ரேகை தேய்ந்திருந்ததால் இயந்திரம் நான்கு முறை முகம் திருப்பிக்கொண்டது. "எண்பது வருடம் பாத்திரம் துலக்கின கை" என்று ஆச்சி அங்கிருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

தம்பி பத்தாம் நாளே சும்மா இருந்தான். அவனோடு குற்றாலம் போய்வந்தோம்.

இப்போது நிலம் அம்மா, நாங்கள் மூவர் என நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கொடியில் மூன்று தாள்கள் மிச்சம். அளவையர் வருவது, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு செய்து தனிப் பட்டா. அளவையர் அடுத்த புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கல் இருந்த இடம் தனக்குத்தான் தெரியும், ஆட்டோவுக்குச் சொல்லிவிடு என்கிறாள் ஆச்சி.