கயிறும் போத்தலும் இரவல் கொடுத்த நூலகம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் நூலகராக 20 வருடங்களைக் கடந்துவிட்டேன். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்துச் சொல்லும் ‘ஸ்டெம்’ என்ற சொல் சுற்றறிக்கைகளில் வரத் தொடங்கியபோது, விஞ்ஞான, தொழில்நுட்ப நூல்கள் இருக்கும் 500, 600 ஆம் எண் அலுமாரிகளுக்கு மேலே அழகான பலகை எழுதி மாட்டினேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

தரம் 8 மாணவி ஒருத்தி அந்த நினைப்பைக் கலைத்தாள். “ரீச்சர், எங்கள் கிணறு ஆவணியில் உவர்க்கிறது. இரண்டு வேலி தள்ளியிருக்கும் மாமி வீட்டுக் கிணறு உவர்ப்பதில்லை. ஏன்?” சுண்ணாம்புக்கல் நிலம் என்று தொடங்கினேன். இரண்டு வீடும் அதே கல்லின் மேல்தானே என்றாள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கிணற்றிலும் ஒவ்வொரு கோப்பை நீர் கொண்டுவரச் சொல்லி, தட்டுகளில் ஊற்றி யன்னல் விளிம்பில் வெயிலுக்கு வைத்தோம். நல்ல தண்ணீர்த் தட்டிலும் வெள்ளைப் படிவு. “இதிலும் உப்பு!” என்று கூச்சல். ஒரு பையன் மட்டும் தங்கள் வீட்டுக் கேத்தலின் அடியிலும் இதுதான் இருக்கிறது என்றான். மறுநாள் தேசிக்காயோடு வந்தான். புளி பட்டதும் படிவு நுரைத்தது. உப்பு நுரைக்காது, அது சுண்ணாம்பு. மற்றத் தட்டில் கொஞ்சம்தான் நுரைத்தது. மீதியை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். (நூலகத்துக்குள் உண்ணக் கூடாது என்ற அறிவித்தலின் கீழேதான்.)

அதன் பிறகு அளவுநாடா, கைவில்லை, முடிச்சுப் போட்ட கயிறு எல்லாவற்றையும் இரவல் பதிவேட்டில் ஏற்றினேன். இருப்புக் கணக்கெடுக்க வந்தவர், “கயிற்றுக்கு ஆசிரியர் யார்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அந்த நிரலை வெறுமையாகத்தானே விட்டிருந்தேன்.

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்கும் போனோம். ஆழங்காண முடியாத கிணறு என்று ஊர் சொல்லும். கல் கட்டிய போத்தலை இறக்கி, தக்கையை இன்னொரு கயிற்றால் இழுத்தார்கள். மேலே நல்ல தண்ணீர். ஆழத்திலிருந்து வந்தது உவர். ஒரே கிணற்றுக்குள் இரண்டு தண்ணீர்!

திரும்பி வந்தபிறகுதான் 551 ஆம் எண்ணில் தூசி படிந்திருந்த நிலத்தடி நீர் நூலுக்கு மதிப்பு வந்தது. நன்னீர் பாரம் குறைந்தது. கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தங்கும். ஆகவே அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், கீழிருந்து உவர் பல அடி ஏறிவரும். அந்த மாணவி வீட்டில் வெங்காயத்துக்கு இரவிரவாக மோட்டர் ஓடுகிறது. மாமி இன்னும் வாளியால்தான் அள்ளுகிறார்.

முதலில் நூலைக் கொடுத்திருந்தால் இந்தப் பந்தியை மனப்பாடம் செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அந்த மாணவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் எல்லாம் சொன்னாளாம். பக்கத்துக் காணிக்காரர் மோட்டரை நிறுத்தினால்தான் தானும் நிறுத்துவேன் என்றுவிட்டாராம்.

“இதற்கு எந்த அலுமாரியில் தேடுவது ரீச்சர்?”

சமூகவியல் நூல்கள் இருக்கும் 300 ஆம் எண் பக்கம் கையைக் காட்டினேன்.